முன்னாடியே சொல்லிவிடுகிறவள்

எங்கள் மாவு மில்லுக்கு வருகிறவர்கள் டப்பாவை வைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார்கள். அவள் ஒருத்திதான் பேசி முடித்த பிறகு டப்பாவை வைத்தாள்.

ஜீவனஹள்ளியில் பஸ் நுழையாத சந்து ஒன்றில் இருக்கிறது மில். என் வீட்டுக்காரர் காலமான பிறகு நான்தான் நடத்துகிறேன். பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம்தான். மீதி நானாகப் படித்தது, அதற்கும் மீதி இங்கே வரிசையில் நின்றவர்கள் வாயிலிருந்து பொறுக்கினது. மாவு அரைபடுகிற நேரத்தில் பெண்பிள்ளைகள் சும்மா நிற்க மாட்டார்கள், ஏதாவது சொல்லுவார்கள். மோட்டார் சத்தத்தை மீறிச் சொல்ல வேண்டியிருப்பதால் சுருக்கமாகச் சொல்லுவார்கள். அப்படிச் சொன்னது பல நாள் காதிலேயே நிற்கும். அவள் சொன்னது எனக்கு இன்னும் நிற்கிறது.

முதல் நாள் படிக்குக் கீழேயே நின்றாள். ஒரு கையில் கோதுமை டப்பா, இன்னொரு கையில் பையனின் மணிக்கட்டு. கையைப் பிடிக்கவில்லை, மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். உதறிக்கொண்டு ஓடுகிற பிள்ளையை வைத்திருப்பவர்களுக்குத்தான் அந்தப் பிடி தெரியும்.

"அக்கா, முன்னாடியே சொல்லிடறேன். இவனுக்கு ஆட்டிசம். பேச்சு கிடையாது, வந்தாலும் நாம சொன்னதையே திருப்பிச் சொல்லுவான். திடீர்னு கத்துவான். மாவுல கையை விட்டாலும் விடுவான். பரவாயில்லேன்னா உள்ள வர்றேன். இல்லேன்னா டப்பாவைக் கொடுத்துட்டு இங்கயே நிக்கறேன்."

என் மில்லே நாள் பூரா கத்துகிறது, இவன் கத்தினால் யாருக்குக் கேட்கப் போகிறது, ஏறி வா என்றேன்.

அவன் கத்தவில்லை. மோட்டார் இருக்கிற அறைச் சுவரில் இரண்டு உள்ளங்கையையும் வைத்தான். பிறகு நெற்றியை வைத்தான். மோட்டார் ஓடும்போது அந்தச் சுவர் மெல்ல நடுங்கும். அவன் கண்ணை மூடிக்கொண்டு, வெயிலில் அலைந்தவன் மரத்தடியில் நிற்கிற மாதிரி நின்றான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது எனக்கே தெரியாதுக்கா. தெரிஞ்சிருந்தா இதையும் சொல்லியிருப்பேன்" என்றாள், ஏதோ மறைத்துவிட்டவள் மாதிரி.

மாவு முடிந்ததும் வழக்கம்போல சுவிட்சைத் தட்டினேன். சுவர் நின்றது. அவன் அலறிக்கொண்டு தரையில் உட்கார்ந்து கையால் தலையில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தான். அவள் பின்னாலிருந்து கட்டிக்கொண்டு, அடி தன் கைமேல் விழும்படி தலையைப் பொத்திக்கொண்டாள். அடங்க ரொம்ப நேரம் ஆனது. அதற்குள் மிளகாய் அரைக்க வந்தவள் திரும்பிப் போய்விட்டாள்.

புறப்படும்போது சொன்னாள்: "நிறுத்தறதுக்கு முன்னாடி 'நிறுத்தப் போறேன்'னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கக்கா. சொன்னா தாங்கிப்பான். சொல்லாம வர்றதைத்தான் தாங்க மாட்டான்."

மறுதரம் சொன்னேன். மோட்டாரை மீறிக் கத்தித்தான் சொன்னேன். அவன் உள்ளங்கைகளைச் சுவரிலிருந்து எடுத்து அக்குள் இடுக்கில் வைத்துக்கொண்டு நின்றான். நிறுத்தினேன். கத்தவில்லை.

அவள் இப்படித்தான் அவனை வளர்த்தாள். இப்போது செருப்புப் போடப் போகிறோம். இப்போது தெருவுக்குப் போகப் போகிறோம். முனையில் நாய் குரைக்கும். பல் விளக்குவதிலிருந்து விளக்கை அணைப்பது வரை எல்லாவற்றுக்கும் ஒரு முன் அறிவிப்பு. சொல்லிச் சொல்லி அவளுக்கு உலகத்திடமே அப்படித்தான் பேச வந்தது. தள்ளுவண்டிக்காரரிடம், நான் பேரம் பேசுவேன், இவன் இழுத்தால் பாதியில் போய்விடுவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள் என்பாள். வீடு வாடகைக்குக் கேட்கப் போனால், சாயங்காலம் இவன் சத்தம் போடுவான், மாடிப்படியில் ஏறி ஏறி இறங்குவான் என்று அட்வான்ஸ் பேசுவதற்கு முன்னாடியே சொல்லுவாள். அப்படிச் சொல்லியே சில வீடுகள் கைவிட்டுப் போயிருக்கின்றன. கடைசியில் எங்கள் தெருவில் கிடைத்தது, வீட்டுக்காரக் கிழவருக்குக் காது மந்தம் என்பதால்.

அவள் கணவரின் தம்பி வீடு பக்கத்துத் தெருவில்தான். அங்கே ஒரு காதுகுத்து. மேளம் ஆரம்பித்தால் கிளம்பிவிடுவோம், சாப்பிட நிற்க மாட்டோம், தப்பாக நினைக்காதீர்கள் என்று முன்னாலேயே போன் செய்து சொல்லியிருக்கிறாள். அப்படியே கிளம்பியும் வந்தாள். அடுத்த விசேஷத்துக்கு அவளுக்குப் பத்திரிகை வரவில்லை. "சொல்லிட்டுத்தானேக்கா எழுந்து வந்தேன்" என்றாள். சொன்னதுதான் அவர்களுக்குக் குறையாகப் போய்விட்டது என்பது அவளுக்குக் கடைசி வரை பிடிபடவில்லை.

மிளகாய்க்காரி என்று நாங்கள் கூப்பிடுகிற ஒருத்தி, நாக்கும் அப்படித்தான், ஒருநாள் அவள் போன பிறகு சொன்னாள்: "பொண்ணு பாக்க வந்தவங்க முன்னாடி மூக்கைச் சிந்திக் காட்டுற மாதிரி இருக்கு இவ பேசறது." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சொல்லில் ருசி இருந்தால் சிரிப்பு வந்துவிடுகிறது, என்ன செய்வது.

மத்தியானம், மில்லில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து வருவாள். கொண்டு வருகிற கோதுமை வர வரக் குறைந்துகொண்டே போனது. முதலில் டப்பா நிறைய, பிறகு பாதி, பிறகு ஒரு சின்னப் பை. தினமும் வருவதற்காகப் பிரித்துப் பிரித்துக் கொண்டு வருகிறாள் என்று எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. அவன் சுவரோடு நிற்பான். அவள் கவிழ்த்துப் போட்ட எண்ணெய் டின்மேல் உட்காருவாள். அந்தத் துளி மாவு எப்போதோ அரைபட்டிருக்கும், நான் கல்லைத் தளர்த்திவிட்டு மோட்டாரை மட்டும் ஓட விடுவேன். அந்தச் சத்தத்தில் பேச முடியாது. வாய் ஓயாத நான், அவள் பக்கத்தில் மட்டும் பேசாமல் உட்கார்ந்திருந்திருக்கிறேன். நாள் பூராவில் அவள் பக்கத்தில் இன்னொரு பெரிய மனுஷி உட்கார்ந்திருக்கிற நேரம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

ஒருநாள் கரண்டு போய்விட்டது. பையன் விழுந்து புரண்டான். எல்லாம் அடங்கியதும், முடியெல்லாம் மாவாக, மூச்சு வாங்கிக்கொண்டு அவள் சொன்னாள்: "இந்த ஊர்ல கரண்டு ஒண்ணுதாங்க்கா சொல்லாமப் போகுது." பிறகு சிரித்தாள். பிறகு, "அது மட்டும் இல்ல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

அப்போது அவள் பள்ளிக்கூடம் தேடிக்கொண்டிருந்தாள். நர்சரிக்கான வயது கையை விட்டு நழுவிக்கொண்டிருந்தது. பேச்சுப் பயிற்சிக்குப் போகிற இடத்தில், மற்ற பிள்ளைகளோடு இவன் இருக்க வேண்டும், இன்னும் தள்ளிப் போட்டால் பிறகு கஷ்டம் என்று சொல்லிவிட்டார்கள். ஜூனுக்குள் ஒரு இடம். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

எல்லோரும் சொன்ன யோசனை ஒன்றுதான். வாயைத் திறக்காதே. கொஞ்சம் லேட்டாகப் பேசுகிற பிள்ளை என்று மட்டும் சொல்லு. சேர்த்துவிட்டால் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நானும் அதையேதான் சொன்னேன். அவளால் முடியவில்லை. கேட்டில் நிற்கிற வாட்ச்மேனிடமே ஆரம்பித்துவிடுவாளாம்.

ஒரு பள்ளியில் சுவரெல்லாம் வானவில், வாசலில் எல்லாக் குழந்தைகளும் எங்களுக்கு ஒன்றே என்று பெரிய போர்டு. அங்கே இருந்த மேடம் இவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்து, ஆட்டிசம் என்ற வார்த்தையில் பேனாவை மூடி வைத்தாராம். மூடும்போது பேனா 'டிக்' என்றது, அந்தச் சத்தத்துக்குப் பையன் திரும்பிப் பார்த்தான் என்றாள். மல்லேஸ்வரம் பக்கம் ஒரு பள்ளியில் காபி கொடுத்து, பையனுக்கு பலூன் கொடுத்து, கன்னடத்திலும் தமிழிலும் மாற்றி மாற்றி அன்பாகப் பேசி அனுப்பினார்கள். பலூன் வெடிக்கும் என்று அவள் முன்னாடியே சொல்லியிருக்கிறாள். யாரும் கவனிக்கவில்லை. அது வெடித்தது. இவனைப் போன்ற பிள்ளைகளுக்கென்றே நடக்கிற பள்ளி ஒன்றும் பார்த்தாள். இடம் நன்றாக இருந்தது, ஆனால் யாராவது விலகினால்தான் புதிதாக ஒருவரைச் சேர்ப்பார்களாம்.

"யாருமே முடியாதுன்னு சொல்ல மாட்டேங்கறாங்கக்கா. முடியாதுன்னு சொன்னா அழுதுட்டு அடுத்த இடத்தைப் பாப்பேன். கூப்பிடறோம்னு சொல்றாங்க. நானும் போனைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கேன்." டின்மேல் உட்கார்ந்திருக்கும்போதும் போன் மடியில்தான் இருக்கும், முகம் மேலே பார்த்தபடி.

அவள் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை. ஓசூர் ரோட்டில் ஒரு கார்மென்ட்ஸில் சூப்பர்வைசர். விடியற்காலையில் போய் இருட்டிய பிறகு வருகிற மனிதர். கெட்டவர் இல்லை. களைத்தவர்.

ஒருநாள் அவர் என் மில்லுக்கே வந்து மைசூர்பாக் கொடுத்தார். பையனுக்குப் பள்ளியில் சீட்டு கிடைத்துவிட்டது என்றார். இவள் வாய்க்குப் பயந்து, பையனை அவரே கூட்டிப் போய்க் காட்டிவிட்டு வந்தாராம். அன்று மத்தியானம் அவளும் வந்தாள். அப்படி ஒரு முகத்தை நான் அவளிடம் பார்த்ததில்லை. "நான் இல்லாமப் போனதாலதான்க்கா கிடைச்சுது. என் வாயை வீட்லயே வெச்சுட்டுப் போயிட்டாரு" என்று சிரித்தாள்.

யூனிஃபார்ம் வாங்கப் போன நாளில் அது உடைந்தது. அங்கே ஒரு டீச்சர் இவளிடம், உங்கள் பையன் அன்றைக்கு எவ்வளவு அழகாகப் பாட்டுப் பாடினான், கலரெல்லாம் டக்டக்கென்று சொன்னான் என்றிருக்கிறாள். இவள் யூனிஃபார்ம் பையை வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்துவிட்டாள். அவர் இவனைத் தம்பி வீட்டில் விட்டுவிட்டு, பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போனது தம்பி மகனை. இரண்டும் ஒரே வயசுப் பிள்ளைகள். கேட்டால் இந்தப் பேரைச் சொல்லு என்று இவன் பேரைச் சொல்லிக் கொடுத்து, தலை சீவி, கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறார்.

மறுநாள் வந்து டின்மேல் உட்கார்ந்து, மோட்டாரை நிறுத்தச் சொன்னாள். அவனுக்குச் சொல்லிவிட்டு நிறுத்தினேன். ராத்திரி இரண்டு பேருக்கும் பெரிய சண்டை. அவர் கேட்டதை அவள் அப்படியே சொன்னாள்: "உன் உண்மையில அவனுக்கு ஒரு பெஞ்சுகூடக் கிடைக்கல. என் பொய்யில கிடைச்சுது. எது பெருசு?"

எனக்கு அவர் பக்கம்தான் நியாயம் தெரிந்தது. அதைச் சொல்லியும் பார்த்தேன். அனுப்பிவிடு, உள்ளே போய்விட்டால் யாரும் வெளியே தள்ள மாட்டார்கள் என்றேன்.

அவள் பையனைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அந்தப் பேருக்குத்தாங்க்கா இடம் கிடைச்சிருக்கு. என் பிள்ளைக்குக் கிடைக்கல. முதல் நாள் பெல் அடிக்கும். இவனுக்கு முன்னாடியே சொல்லணும்னு அங்க யாருக்குத் தெரியும்? தரையில உக்காந்து தலையில அடிச்சுப்பான். அன்னிக்கு அவ்வளவு அழகாப் பாடின பிள்ளைதானே, இன்னிக்கு அடம் பிடிக்குதுன்னு நினைப்பாங்க. நான் மறைச்சா, அடி இவனுக்குத்தானே விழும்?"

பள்ளிக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அந்தப் பள்ளியை நடத்துகிற அம்மா கோபப்படவில்லையாம். கலந்து பேசிவிட்டுக் கூப்பிடுகிறோம் என்றாராம்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு நின்றுவிட்டது. அவர் தம்பி வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் படுக்க மட்டும் வருவார். ஜூன் வந்தது. தெரு முழுக்க புது பை, புது ஷூ, ஆட்டோ ஹாரன். பையனுக்கு அந்த யூனிஃபார்ம் சட்டையின் துணி பிடித்துவிட்டது, கழற்ற விடவில்லை. தினமும் அதையே துவைத்துப் போட்டுக்கொண்டு மில்லுக்கு வந்தான். பேட்ஜை மட்டும் அவள் பிரித்து எடுத்திருந்தாள். எந்த ஸ்கூல் என்று அந்த நேரத்தில் வந்திருக்கிற ஒன்றிரண்டு பேர் கேட்பார்கள். ஏதாவது சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். "எந்த ஸ்கூலும் இல்லைங்க" என்பாள். கேட்டவர்கள் தங்கள் டப்பாவைப் பார்த்துக்கொள்வார்கள். மிளகாய்க்காரிகூட ஒருநாள் தன் முறையை விட்டுக்கொடுத்து, முதலில் கோதுமையைப் போடு, என் மிளகாய் நெடி அந்தப் பிள்ளைக்கு ஆகாது என்றாள்.

பேச்சை மறுபடி ஆரம்பித்தது அவள் வீட்டுக்காரர்தான். பொம்மனஹள்ளியில், அவர் வேலை செய்கிற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு பழைய வீட்டில் தகரக் கூரை போட்ட சின்னப் பள்ளி. தினமும் அதைத் தாண்டித்தான் போவாராம். ஒருநாள், வா, நீயே வந்து உன் வாயாலேயே சொல்லு, நான் பக்கத்தில் நிற்கிறேன் என்று கூட்டிக்கொண்டு போனார்.

கேட்டில் ஒரு அம்மாள் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாளாம். இவள் வழக்கம்போல, முன்னாடியே சொல்லிடறேன் என்று ஆரம்பித்து முழுக்கச் சொன்னாள். அந்த அம்மாள்தான் பெரிய டீச்சர். கேட்டு முடித்து, குழாயை மூடிவிட்டு, அந்த ஊர்க் கன்னட வாடையோடு, "சரிம்மா. உள்ள வர்றதுக்கு முன்னாடி நானும் சொல்லிடறேன்" என்றாளாம்.

இவனைப் போன்ற பிள்ளைக்குச் சொல்லித்தரத் தெரிந்த டீச்சர் எங்களிடம் தினமும் இல்லை, வாரத்தில் சில நாள்தான் வருவாள். மழை பெய்தால் இந்தத் தகரம் காதைக் கிழிக்கும். மற்ற பிள்ளைகளின் அப்பா அம்மா சிலர் வந்து சண்டை போடுவார்கள், அவர்கள் எல்லோர் வாயையும் என்னால் மூட முடியாது. சில நாள் எங்களால் முடியாமல் போகும், போன் செய்து பாதியில் கூட்டிப் போகச் சொல்லுவோம். நாங்கள் தப்பும் செய்வோம். இவ்வளவுக்கும் சரி என்றால் உள்ளே வா.

இதையெல்லாம் என்னிடம் வந்து சொன்ன அன்று அவள் டின்மேல் உட்காரவே இல்லை. நின்றுகொண்டே சொன்னாள். "என்னை மாதிரி ஒரு பைத்தியம் அந்தப் பக்கமும் இருக்குக்கா."

நல்ல பள்ளிக்கூடமா என்று கேட்டேன்.

"தெரியாது. ஆனா எங்க எங்க விழுவோம்னு தெரிஞ்சுடுச்சு. அது போதும்."

இங்கிருந்து அங்கே பஸ் மாறி, நெரிசலில், அந்தப் பையனோடு தினமும் போகிற தூரம் இல்லை. வீட்டையே அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டார்கள். புது வீட்டின் சொந்தக்காரரிடமும் எல்லாவற்றையும் சொல்லித்தான் பிடித்திருப்பாள். எத்தனை வீடு பார்த்தாள் என்று நான் கேட்கவில்லை.

கிளம்புகிற அன்றும் ஒரு கை கோதுமை கொண்டு வந்தாள். அரைத்தேன். அது முடிந்த பிறகும் ஓட விட்டேன். பையன் யூனிஃபார்ம் சட்டையோடு சுவரில் நெற்றியை வைத்து நின்றான். அவள் எழுந்து என் காதுக்குப் பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, முன்னாடியே சொல்லிடறேன். நான் போன் பண்ண மாட்டேன். அங்க போனா இவனோடவே பொழுது போயிடும். கூப்பிடறேன்னு உங்ககிட்ட சொல்லிட்டுப் போக மாட்டேன். அந்த வார்த்தையை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

போய் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றேன். "நிறுத்தப் போறேன்" என்றேன். கத்திச் சொல்லவில்லை, மோட்டார் சத்தத்தில் அவனுக்குக் கேட்டிருக்காது என்று நினைத்தேன். அவன் கையை எடுத்து அக்குள் இடுக்கில் வைத்துக்கொண்டான். கண்ணைத் திறக்காமலே, என் குரலில், என் இழுவையோடு, "நிறுத்தப் போறேன்" என்றான். நான் கேட்ட அவன் பேச்சு அது ஒன்றுதான்.

அவள் சொன்னபடியே போன் செய்யவில்லை. வருஷங்கள் ஆகிவிட்டன. அவன் இப்போது நெட்டையாக வளர்ந்திருப்பான், அந்தச் சட்டை எப்போதோ சின்னதாகிப் போயிருக்கும். மழை பெய்கிற நாளில் மட்டும் எனக்கு அந்தத் தகரக் கூரை ஞாபகம் வரும். மழைக்கு முன்னாடி அவனிடம் யாராவது சொல்லியிருப்பார்களா என்று வானத்தைப் பார்ப்பேன். அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பழைய ஆட்கள் எப்போதாவது விசாரிப்பார்கள். தெரியாது என்று சொல்லிவிடுவேன்.

மில்லில் ஒரு வழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள், யாரிடம் அம்மா சொல்கிறீர்கள் என்பார்கள். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மோட்டாரை மீறி, "நிறுத்தப் போறேன்" என்று கத்துகிறேன். அந்தச் சுவரிலிருந்து இரண்டு கை எடுபடுகிற அளவு நேரம் காத்திருக்கிறேன். பிறகுதான் சுவிட்சைத் தட்டுகிறேன்.